இரண்டு பேர், ஆறு பதார்த்தம்

“உப்பு?” என்று சத்தமாகக் கேட்டார் கேப்டன்.

“போட்டாச்சு” என்று அவரே பதிலும் சொன்னார்.

விமானத்தில் என்றால் ஒருவர் கேட்பார், பக்கத்துச் சீட்டுக்காரர் பதில் சொல்வார். அடுப்படியில் பக்கத்துச் சீட்டு கிடையாது. அதனால் இரண்டு வேலையையும் அவரே பார்த்துக்கொண்டார்.

பக்கத்துச் சீட்டுக்காரி உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவருக்குக் கோ-பைலட்டாக வந்தவள், மனைவியானாள், பிறகு அவளும் கேப்டன் ஆனாள். நாளைக் காலை ஒரு விமானத்தை ஓட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகிறாள். போனால் போனதுதான். இனி வேலையும் அங்கே, வீடும் அங்கே. அவள் நாளைக்குப் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மாற்றல் அவளே கேட்டு வாங்கியது. ஏன் என்று இவர் கேட்டதற்கு ஒரே பதில்தான் சொன்னாள்.

“நாம எங்க குடும்பம் நடத்துறோம்? டூட்டி பார்க்குறோம், கேப்டன்.”

தட்டைத் தூக்கி எறிந்து சண்டை போட்டிருந்தால்கூட அவருக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். இவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்தான் மனுஷன் ஆடிப்போனார்.

அவள் மனசை மாற்றத்தான் இந்த விருந்து. மேஜைமேல் புது விரிப்பு, மெழுகுவர்த்தி, ஒரு கொத்துப் பூ. முதலில் சூப், நடுவில் மீனோ கோழியோ, கடைசியில் இனிப்பு. வீட்டில் அவள் இல்லாத நாட்களில் எல்லாம் திருட்டுத்தனமாகச் சமைத்துப் பழகியிருந்தார். மீன் அவராலேயே நம்ப முடியாத அளவுக்கு வாய்த்துவிட்டது.

இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவர், யாரும் செய்யாத ஒன்றையும் செய்துவைத்தார்.

அவருக்குக் காளான் சூப், அவளுக்குப் பூசணி சூப். அவருக்கு மீன், அவளுக்குக் கோழி. அவருக்குப் புட்டிங், அவளுக்குப் பழக்கலவை. காதல் விருந்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கொன்றாக, ஆக மொத்தம் ஆறு பதார்த்தம்.

கேட்டால் சிரிப்பீர்கள். விமானம் ஓட்டும் இருவரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது. ஒன்றில் கோளாறு இருந்து ஒருவருக்கு வயிறு கெட்டால், இன்னொருவராவது விமானத்தைப் பத்திரமாக இறக்க வேண்டுமே. வானத்தில் இருந்த இந்த வழக்கத்தைக் கேப்டன் தரைக்கும் கொண்டுவந்துவிட்டார். கல்யாணச் சாப்பாட்டிலேயே, “நீ எதை எடுத்துக்கிற?” என்று மணப்பெண்ணிடம் விசாரித்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டவர். அதைப் பாசம் என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். பூவைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் இளகியது. அடுத்து அவருடைய சூப்பைப் பார்த்தாள். தன் சூப்பைப் பார்த்தாள். மூடிவைத்திருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“நாளைக்கு நான் போறேன். இன்னிக்குமா?”

கேப்டனுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக இந்த மேஜையில் இருவரும் ஏதோ ஆபத்துக்குத் தயாராகவே உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. அவள் போய்விடுவாள் என்று பயமாகவும் இருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல், கையை நீட்டி அவள் பக்கத்துக் கோழியில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“கேப்டன்” என்றாள் அவள். “என்ன பண்றீங்க?”

“பசிக்குது” என்றார். இன்னொரு துண்டையும் எடுத்தார்.

அவள் சிறிது நேரம் அவர் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவருடைய மீன் தட்டைத் தன் முன்னால் நகர்த்தினாள். பாதியைக் காலி செய்தாள்.

“டூட்டி ஆபீசுக்குப் போன் பண்ணுங்க” என்றாள்.

“இப்பவா? எதுக்கு?”

“ரெண்டு பேரும் ஒண்ணையே சாப்பிட்டோம், ரெண்டு பேருக்கும் வயிறு சரியில்ல, நாளைக்கு அவ ஓட்ட மாட்டான்னு சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்கதான் பொய் சொல்லாத ஆளாச்சே.”

கேப்டன் போனைப் பார்த்தார். வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒரு பொய் சொன்னதில்லை. முதல் பொய் தன் சமையல் தலையில் விழும் என்று எதிர்பார்த்ததும் இல்லை. அதுவும் இந்த மீனைப் போய்.

போனை எடுத்து, அவள் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

எதிர்முனையில் டூட்டி அதிகாரி ஆயிரம் கேள்வி கேட்பார், டாக்டர் சீட்டு கேட்பார் என்று கேப்டன் வியர்த்துக்கொண்டிருந்தார். அந்த அதிகாரி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“சமைச்சது யாரு சார்?”

“நான்தான்.”

“ஐயோ பாவம், மேடத்தை முதல்ல கவனிங்க. நாளைக்கு நான் வேற ஆளைப் போட்டுக்கிறேன்.”

போனை வைத்தபோது கேப்டனின் காது சிவந்திருந்தது. வாழ்க்கையில் இப்படி ஒரு மூக்கறுப்பும் கண்டதில்லை, இப்படி ஒரு சந்தோஷமும் கண்டதில்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

“மீன் நல்லாத்தானே இருந்துச்சு?”

“வெளிய மூச்சு விடாதீங்க” என்றாள் அவள், தட்டிலிருந்த கடைசித் துண்டை எடுத்தபடி. “நல்லா இருந்துச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் நான் போயாகணும்.”