திருக்கைக்கு அசராதவன்

“கோளாறு இவகிட்டதான் டாக்டர். என் பையனைப் பத்தி ஊர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க” என்றாள் சுன்-ரே.

1998 நவம்பர். தென்கொரியாவின் நாஜு நகரில் ஒரு மருத்துவரின் அறை. சுன்-ரேக்கு ஒரு பக்கம் மகன் உங்-ஜே, மறுபக்கம் மருமகள் சே-ரான். கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் குழந்தை இல்லை. புத்தாண்டுக்குள் கரு தங்காவிட்டால் சே-ரான் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது மாமியாரின் தீர்ப்பு.

“இவங்களுக்கு எல்லாம் சரியா இருக்கும்மா. மகனையும் ஒரு தடவை பார்த்துடலாமே.”

“அவனையா? எங்க ஊர் விருந்துல வைக்கிற புளிச்ச திருக்கை மீனை ஏழு வயசுலயே மூக்கைச் சுளிக்காம தின்னவன். மூத்திரச் சந்து மாதிரி நாறும். சியோல்லேர்ந்து வந்த இவ அண்ணன், ஜாடியைத் திறந்ததுமே வாசலுக்கு ஓடிட்டான்.”

“செருப்புகூடப் போடல” என்று உங்-ஜே மெல்லிய குரலில் சிரித்தான்.

“ஏழு வயசுல இவன் தின்ன அன்னிக்கே எங்க வீட்டுக்காரர் எல்லார் முன்னாடியும் சொன்னார், இவன்தான்டா ஆம்பளைன்னு.”

“தம்பிக்கு மீசை, தாடி எதையும் காணோமே?”

“எங்க வம்சமே வழவழன்னுதான் டாக்டர். சவரச் செலவு மிச்சம்.”

சே-ரான் தலையைக் குனிந்துகொண்டாள். இரவில் நடப்பதும் நடக்காததும் அவளுக்குத்தான் தெரியும். மாமியாரை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? ஐந்து வருடமாகக் கஷாயம் குடித்து நாக்கு கறுத்ததுதான் மிச்சம்.

டாக்டர் உங்-ஜேயின் பக்கம் திரும்பினார். “தம்பி, திருக்கையைத் தின்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?”

“மூக்குல சுர்ருனு ஏறும். கண்ணு எரியும்.”

“அது எரிச்சல். நான் கேட்டது நாத்தத்தை.”

உங்-ஜே யோசித்தான். “நாறுதுன்னு எல்லாரும் சொல்வாங்க, நானும் சொல்வேன். பூவைப் பார்த்தா மணக்குதும்பாங்க. அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே டாக்டர்?”

சுன்-ரே மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

“சிலருக்குக் கருவுலயே வாசனை நரம்பு வளராம போயிடும்” என்றார் டாக்டர். “அவங்களுக்கு ஆண்மைச் சுரப்பும் சரியா ஊறாது. ஊசி போட்டா குழந்தைக்கு வழி உண்டு. முதல்ல ரத்தத்தைப் பார்த்துடலாம்.”

அடுத்த வாரம் வந்த ரத்தப் பரிசோதனை முடிவும் அதையே சொன்னது. சே-ரானின் கஷாயம் நின்றது. உங்-ஜேக்கு ஊசி தொடங்கியது.