திறக்காத மடை

வாய்க்காலில் கரை தொடத் தண்ணீர் போகிறது. செந்தாமரையின் வயலில் மட்டும் சேறு உலர்ந்து மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கின்றன. அதைப் பார்க்கச் சகிக்காத பக்கத்து வயல்காரர் வீரையன், அவளைக் கேட்காமலே அவள் மடையை வெட்டுகிறார். அவள் ஓடிவந்து, வெட்டிய வாயில் காலை ஊன்றி நிற்கிறாள். “வேணாண்ணே.” “ஆத்துல தண்ணி வந்தும் பயிரைக் காயப்போடுறியேம்மா. ஊரே சிரிக்குது.” “சிரிக்கட்டும்.” மண்ணுக்கடியில் நீர்மட்டம் பார்க்க, பக்கமெல்லாம் துளையிட்டு வயலில் புதைத்திருக்கும் குழாயைக் காட்டுகிறாள். “அதுல தண்ணி மண்ணுக்கு அரை அடி கீழ இறங்கினாத்தான் திறப்பேன். இன்னும் ரெண்டு விரல் இருக்கு. வேரு ஈரமாத்தான் இருக்கு.” அவர் எரிச்சலோடு விலகித் தன் வயலில் கால் வைக்கிறார். தேங்கிய நீரில் கருஞ்சேறு அழுந்தி, குமிழிகள் நாற்றத்தோடு மேலே வந்து உடைகின்றன. “தண்ணி கட்டியே வச்சா இந்த மீத்தேன் வாயுதாண்ணே கெளம்பும். அதுதான் உலகத்தையே சூடாக்குது.” “நீ ஒருத்தி அடைச்சா வெயில் கொறைஞ்சிடுமா?” “என் வயல்லேருந்து கெளம்பாதுல்ல.” வெயில் அவர் மண்வெட்டியின் தகட்டில் பட்டு அவள் கண்ணில் அடிக்கிறது. அவள் இமைக்கவில்லை, காலை எடுக்கவுமில்லை. தண்ணீர் அவள் கணுக்காலில் முட்டுகிறது, ஒருமுறை சுழல்கிறது, பிறகு வாய்க்காலோடு கடைமடை வயல்களை நோக்கிப் போகிறது.