மெனுவில் காணோம்

“மறுபடியும் கை வச்சாச்சு!” என்று அவள் போட்ட சத்தத்தில், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கணவன் ஈரக்கையோடு ஓடி வந்தான்.

கம்ப்யூட்டர் மெனுவில் பிரிண்டரைக் காணோம். கால்குலேட்டரையும் காணோம். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும் மென்பொருள் அது; சம்பளமில்லாமல் அதைக் கட்டி மேய்ப்பவள் அவள். காணாமல் போனதையெல்லாம் அவள் மெனுவில் திரும்பக் கொண்டுவந்து அப்டேட் அனுப்புவாள். மறுநாளே மறைந்திருக்கும். ஊரெல்லாம் அவளைத்தான் திட்டி எழுதியது.

“யார் வேலைன்னு தெரிஞ்சுதா?”

“தெரியாம என்ன? கேப்டன் கணக்குல இருந்துதான் வருது.”

கேப்டன் என்பது அந்த மென்பொருளை எழுதும் குழுவில் எல்லோரும் வைத்த பட்டப்பெயர். அந்த மெனுவை முதல் வரியிலிருந்து எழுதியவரே அவர்தான். போன வருஷம், “இனி நீயே பார்த்துக்கோ” என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டிவிட்டுப் போனவர், அப்புறம் எதற்கும் பதில் போடவில்லை. அவர் செய்யும் மாற்றம் மட்டும் யாரையும் கேட்காமல் நேரே உள்ளே போகும். அந்தச் சலுகையைப் பறிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

“வயித்தெரிச்சல், வேறென்ன? தான் இல்லாமயும் நல்லா நடக்குதேன்னு பொறுக்கல,” என்றான் கணவன்.

“எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனா பாரேன், ஒவ்வொரு தடவையும் ‘மன்னிக்கவும்’னு ஒரு குறிப்பு வேற. அந்த மனுஷன் வாயில அந்த வார்த்தை வந்து நான் பார்த்ததே இல்ல.”

“நக்கல்தான்!”

“பாட்டையும் போட்டோவையும் மட்டும் தொடவே இல்ல.”

“நாளைக்கு அதையும் தூக்குவார். பேசாம கணக்கை மூடித் தொலை.”

மூடினால் மட்டும் போதாது, காரணத்தையும் எல்லோரும் பார்க்கும்படி எழுத வேண்டும் என்பது குழுவின் விதி. ‘வேண்டுமென்றே கெடுத்தார்’ என்று எழுதினாள். அனுப்பினால் அந்த மனுஷன் பேர் அதோடு போச்சு. ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். நேராகவே நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பழைய நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் போட்டாள்.

எடுத்தது கேப்டனின் மனைவி.

“அவரைக் கூப்பிடுங்கக்கா. இப்படி எனக்குக் குழி பறிக்கிற அளவுக்கு நான் என்ன செஞ்சேன்னு கேக்கணும்!” பிரிண்டரில் ஆரம்பித்து மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.



“அதைச் செஞ்சது அவர் இல்லம்மா, நான்தான்,” என்றாள் அந்த அம்மாள். “எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல மறைச்சு வச்சா, உங்க அப்டேட் வந்ததும் எல்லாம் திரும்ப வந்து நிக்குது. அவர் கணக்கு திறந்தேதான் கிடந்துச்சு. அவர் மாத்தறதைப் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், அதான் அங்கேயே போய் மாத்திட்டேன். அவர் கணக்குல கை வைக்கிறோமேன்னுதான் ‘மன்னிக்கவும்’னு எழுதினேன். ஊருக்கே மறையும்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“எதுக்குக்கா மறைக்கணும்?”

“நிறைய இருந்தா எதை அழுத்தறதுன்னு புரியாம மிரண்டுபோய் அழறார். பாட்டும் போட்டோவும் போதும் அவருக்கு.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யாரு, கேப்டனா? அது அவரே எழுதின மெனுக்கா!”

“நானும் சொல்லிப் பார்த்துட்டேன். ‘எவனோ நல்லா எழுதியிருக்கான்’னு சொல்றாரும்மா.”