வெள்ளைச் சட்டைக்காரன்

ஆஸ்பத்திரி பெஞ்சில் தருமனுக்கும் அவன் பெண்டாட்டி சந்திரகலாவுக்கும் நடுவில் அந்த வெள்ளைச் சட்டைக்காரன் உட்கார்ந்திருந்தான். தருமனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"இங்கியும் இவன இட்டுகினு வந்துட்டியாடி?"

சந்திரகலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாருங்க சார்," என்று எதிரே மேசையில் இருந்த டாக்டரிடம் முறையிட்டான் தருமன். "பௌர்ணமிக்கு மலை சுத்தறப்பகூட இவளை ஒட்டிக்கினே நடக்கறான். அந்த எரிச்சல்லதான் நான் குடிச்சதே!"

"குடிச்சிட்டுத்தான் இப்பிடிப் பேசறாருன்னு நெனச்சோங்க," என்றாள் அவள். "கோயில்ல சத்தியம் வாங்கி, கையில கயிறு கட்டினோம். பொங்கல்லேர்ந்து தொடலைங்க. பேச்சு மட்டும் நிக்கல."

"அவன் தொலைஞ்சாத்தானே பேச்சு நிக்கும்!"

டாக்டர் எழுந்து வந்து, பெஞ்சின் நடுவில், அந்த வெள்ளைச் சட்டைக்காரன் மேலேயே சாவகாசமாக உட்கார்ந்தார்.

"இங்க யாராவது இருந்தாங்களாம்மா?"

"யாரும் இல்லைங்க. காலியாத்தான் இருந்துச்சு."

டாக்டர் தருமன் தோளில் கைவைத்தார். "குடி ஒரு வியாதிப்பா. அவன் உன் கண்ணுக்கு மட்டும் தெரியறது இன்னொரு வியாதி. ஒன்னை விட்டுட்டு ஒன்னைப் பாத்தா ரெண்டும் போகாது. கயிறு கையிலயே இருக்கட்டும். இந்த மாத்திரையையும் முழுங்கு."

தருமன் நம்பவில்லை. இந்த டாக்டரும் அவனுக்குக் கூட்டாளியோ?

"முழுங்கினா அவன் போயிடுவானா?"

"கொஞ்சம் கொஞ்சமா போயிடுவான்."

"முழுங்காதடா!" சந்திரகலாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றிருந்த வெள்ளைச் சட்டைக்காரன் அலறினான். அவன் முகத்தில் பயத்தைத் தருமன் அன்றுதான் பார்த்தான்.

அது போதும் தருமனுக்கு.

"குடுங்க சார்," என்று கையை நீட்டினான்.