கூட வந்தவர்

பேதி மருந்துப் பொட்டலத்தில் எலுமிச்சைச் சுவை என்று போட்டிருந்தது.

அவருக்கு அது எலுமிச்சைப் படம் ஒட்டிய கடல் தண்ணீராகத்தான் இருந்தது. இரண்டு லிட்டர். விடிவதற்குள் குடித்து முடித்தார். பதினாலு முறை போனார். கடைசியில் குழாய்த் தண்ணீர் போலப் போனதைக் குனிந்து சரிபார்த்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறினார்.

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் அப்படி இன்னொருவர் இருப்பதாகத் தெரியவில்லை.

எதிர் நாற்காலியில் ஒரு ஆள். இசக்கியப்பன், இசக்கியப்பன் என்று நர்ஸ் மூன்று முறை கூப்பிட்ட பிறகே எழுந்தான். இவருக்குச் செய்யப்போகும் அதே குடல் பரிசோதனைதான் அவனுக்கும். வெறும் வயிற்றில்தானே வந்திருக்கிறீர்கள் என்று நர்ஸ் கேட்டாள்.

"வெறும் வயிறுதாம்மா. காப்பி மட்டுந்தான் குடிச்சேன்."

"பால் காப்பியா?"

"பால் இல்லாம எப்படி காப்பி?" என்றாள் அவன் மனைவி. "நாந்தான் போட்டுக் குடுத்தேன். காப்பி என்ன சோறா?"

நர்ஸ் பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டு, மதியம் இரண்டு மணி என்று எழுதினாள். அவன் சிரித்தான். ஏதோ பரிசு விழுந்தது போல. மனைவி அவன் முதுகில் ஒன்று போட்டுவிட்டு, தான் சாப்பிட கேண்டீனுக்குப் போனாள்.

இரண்டு பேருக்குமாக ஒரே மூளை போலிருக்கிறது என்று நினைத்தார்.

மனைவி போனதும் அந்த ஆள் இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தன் மூலத்தைப் பற்றிச் சொன்னான். மச்சினனுடைய மூலத்தைப் பற்றியும் சொன்னான். சாருக்கு எத்தனை தடவை போச்சு என்று கேட்டான்.

அவர் புத்தகத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அவன் குனிந்து அட்டையைப் படித்தான். உதடு அசைய.

அவருக்கு ரத்தம் போகத் தொடங்கி மூன்று மாதம். பெல்ட்டில் ஆணியால் இரண்டு புதிய ஓட்டை போட்டிருந்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வருவார்கள். ஆர்லிக்ஸ் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, மெலிஞ்சிட்டீங்களே என்பார்கள். வீட்டுக்குப் போகும் வழியிலேயே அந்த முகத்தைக் கழற்றிவிடுவார்கள். மற்றவர் வீடுகளில் அவரும் அப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறார்.

உள்ளே இருப்பது எதுவானாலும் முதலில் தனக்குத் தெரிய வேண்டும்.

தனக்கு மட்டும்.

அதற்காகத்தான் வந்திருந்தார்.

நர்ஸ் ஒரு படிவத்துடன் வந்தாள்.

"கூட யாரு சார் வந்திருக்கா?"

யாரும் இல்லை என்றார்.

மயக்க மருந்து கொடுப்பதால் கூட வந்தவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்றாள். ஆள் இல்லையென்றால் வியாழக்கிழமைக்குத்தான் மாற்ற முடியும். மயக்கம் வேண்டாம், அப்படியே செய்யுங்கள் என்றார். டாக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றாள். என் உடம்புக்கு என் கையெழுத்து போதாதா என்றார். அவள் படிவத்தின் கீழே காலியாக இருந்த கோட்டைப் பேனாவால் தட்டினாள்.

வியாழக்கிழமை.

மறுபடியும் இரண்டு லிட்டர். அதுவரைக்கும் தெரியாமல் இருப்பது.

"நான் போடுதேன் சார்," என்றான் இசக்கியப்பன். "ரெண்டு மணி வரைக்கும் இங்கனதான கெடக்கணும்."

நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு படிவத்தை அவனிடம் நீட்டினாள்.

அவன் பேனாவை உளியைப் போலப் பிடித்தான். பெயர் எழுதினான். உறவு என்ற இடத்தில் நின்றான். மேலே இவருடைய வயதைத் தேடிப் பார்த்துவிட்டு, தம்பி என்று எழுதினான். கையெழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது.

நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார்.

உள்ளே குளிராக இருந்தது. முதுகுப் பக்கம் திறந்த பச்சை அங்கி. இடப்புறம் ஒருக்களித்து, முழங்கால்களை வயிற்றோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சுவரில் ஒரு திரை இருந்தது. அதில் தன்னை உள்ளிருந்து காட்டப்போகிறார்கள், தான் பார்க்கப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சொல்ல வாயைத் திறந்தார்.

ஊசி ஏறிவிட்டது.

விழித்தபோது வேறு அறை. வயிறு காற்றால் உப்பியிருந்தது. வேறொரு நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்ன இருந்தது என்று கேட்டார்.

"டாக்டர் உங்க தம்பிய உள்ள கூப்பிட்டு எல்லாம் சொல்லிட்டாரு சார்."

எந்தத் தம்பி என்று கேட்கப் போனார்.

படிவம் நினைவுக்கு வந்தது.

நர்ஸ் போனாள். கதவைத் திறந்துகொண்டு இசக்கியப்பன் வந்தான். ஸ்டூலை இழுக்காமல் தூக்கி வைத்து உட்கார்ந்தான். காலடியில் சுருண்டு கிடந்த போர்வையை எடுத்து விரித்தான். முழங்கால் வரை. பிறகு நெஞ்சு வரை. பிறகு ஓரங்களை ஒவ்வொன்றாக மெத்தைக்கு அடியில் செருகினான்.

செருகி முடிந்த பிறகும் செருகிக்கொண்டிருந்தான்.

அவர் அவன் முகத்தையே பார்த்தார். அவன் போர்வையைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி," என்றான். "சும்மா ஒரு புண்ணு மாரிதானாம்."

அதுவரைக்கும் அவன் அவரை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தான்.

பொய் சொல்லக்கூடத் தெரியாத ஆள்.

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றார்.