துரைக்குத் தெரிந்த நாரை

மலாயாவின் கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தின் சதுப்புக் காட்டுக்குள் சடையன் சம்பான் படகைச் செலுத்தினான். பறவை பார்க்க வந்த வெள்ளைக்காரத் தோட்டத் துரை தூரக்கண்ணாடியை இறக்கவே இல்லை.

“அந்த நாரை போன வாரமும் இங்கதான் நின்னுச்சு. அலகுல கீறல் இருக்கு பாரு, அதேதான்!”

“தொரை கண்ணு பொல்லாத கண்ணு.”

“என் தோட்டத்துக் கூலி ஒருத்தன் ஓடிட்டான். நூத்திப் பதினேழாம் நம்பர். இந்தப் பக்கம்தான் ஒளிஞ்சிருக்கானாம். பார்த்தா உடனே சொல்லு, ஜெயில்ல போடணும்.”

“ஆளு எப்படி இருப்பான் தொரை?”

“கூலி மாதிரி இருப்பான். எல்லாம் ஒரே மூஞ்சிதானே?”

சடையன் துடுப்பை வைத்துவிட்டு எழுந்தான். தலைப்பாகையை அவிழ்த்தான். துரையின் முகத்துக்கு நேரே நிமிர்ந்து நின்றான்.

“நல்லாப் பார்த்துக்குங்க தொரை. எம் பேரு சடையன்.”

“உன் பேரு எனக்கு எதுக்கு? நகரு, நாரை பறந்துடும்.”

சடையன் சிரித்தபடி துடுப்பை எடுத்தான்.

மூன்று வருஷம், தினமும் விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது, இதே துரைக்கு எதிரே முதல் வரிசையில் நின்று, நூற்றுப் பதினேழு என்றதும் கை தூக்கியவன் அவன்தான்.