மாடிக்கு ஒரு ரவுட்டர்

“துபாய் மாப்பிள்ளை இப்ப வீடியோவுல பொண்ணு பாக்க வந்துருவாரு. சீக்கிரம் தம்பி!” நல்லக்கண்ணு தவித்தார். குற்றாலத்துச் சாரல் தென்காசிவரை அடித்தும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

அண்ணன் தம்பி மூன்று பேர் கூட்டாக வாழும் வீடு. மாடிக்கென்று இன்னொரு ரவுட்டரை வாங்கி, பழையதோடு இணைத்ததிலிருந்து நெட் படுத்துவிட்டது.

லேப்டாப்பைத் தட்டிப் பார்த்த மெக்கானிக் சுடலைராஜ் சிரித்தான். “ரெண்டுக்கும் ஒரே நம்பர் இருக்கு அண்ணாச்சி. கூப்பிட்டா யாரு பதில் சொல்லணும்னு தெரியாம ரெண்டும் முழிக்குது.”

“எந்தக் கூறுகெட்டவன்லே ஒரே வீட்டுல ரெண்டுக்கும் ஒரே நம்பரை வச்சான்?”

“கம்பெனியிலேயே அப்படித்தான் வருது. ஒண்ண மாத்திட்டேன், பாருங்க.”

நெட் வந்தது. மாப்பிள்ளையின் முகமும் பளிச்சென்று வந்தது. பூரித்துப்போன நல்லக்கண்ணு வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார்.

“ஏலே உச்சிமாகாளி! தம்பிக்கு ஒரு காப்பி எடுத்துட்டு வாலே!”

மூன்று அறைகளிலிருந்து மூன்று குரல்கள் வந்தன.

“அவனத்தான் கூப்பிடுதாரு!”

சுடலைராஜ் திருதிருவென்று விழித்தான்.

“எங்க அப்பா பேரு தம்பி. நாங்க மூணு பேருமே மூத்த பயலுக்கு அதைத்தான் வச்சிருக்கோம்” என்றார் நல்லக்கண்ணு பெருமையாக.

காப்பி கடைசிவரை வரவில்லை.